நாற்பத்தொன்பது கிலோ

“இவன் இவ்வளவுதானா? இல்ல, உள்ள இன்னும் ஏதாவது இருக்கா?”

மூன்று மாதத்துக்கு முன் ஒரு காலையில் சுமைக்காரர் அவளிடம் இப்படிக் கேட்டார். அவள் எடைக் கொட்டகையில், தராசு மேடைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். மேடைமேல் தூங்குமூஞ்சி நின்றிருந்தான். முந்தின நாள் பந்தயத்தில் பத்துக் குதிரைகளில் ஒன்பதாவதாக வந்தவன். அதைப் பற்றிக் கொஞ்சமும் வெட்கமில்லாமல் கீழுதட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு கண் சொக்கினான். பந்தயப் புத்தகத்தில் அவனுக்கு ராஜா வீட்டுப் பெயர் ஒன்று நீளமாக உண்டு. லாயத்தில் அதை முழுசாகச் சொல்ல யாருக்கும் பொறுமை இல்லை.

கேள்வி எளிதுதான். பதிலும் அவளுக்குத் தெரியும். ஆனால் அவளுக்குப் பின்னால் இரண்டடி தள்ளி மாஸ்டர் நின்றிருந்தார். லாயத்தின் முப்பத்திரண்டு குதிரைகளுக்கும் அவர்தான் பயிற்சியாளர். கையிலிருந்த சாவிக்கொத்தை உருட்டிக்கொண்டிருந்தார். கிலுக், கிலுக். அந்தச் சத்தம் அவள் பிடரியில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

“இவ்வளவுதான் சார்,” என்றாள்.

சுமைக்காரர் சின்ன நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டு போய்விட்டார். அவருடைய அலுவலகக் கதவில் ஹேண்டிகேப்பர் என்று எழுதியிருக்கும். லாயத்துக்காரர்களுக்கு அவர் சுமைக்காரர். எந்தக் குதிரை எத்தனை கிலோ சுமந்து ஓடவேண்டும் என்று விதிப்பது அவர் வேலை. நன்றாக ஓடுகிற குதிரைக்கு அதிக எடை, சுமாராக ஓடுவதற்குக் குறைந்த எடை. ஜாக்கியும் சேணமும் சேர்ந்து அந்த எடைக்கு வரவேண்டும். குறைந்தால் ஈயத்தகடு சொருகிவிடுவார்கள். அவர் போட்ட கணக்கு பலித்தால் எல்லாக் குதிரையும் ஒரே கோட்டில் மூக்கை நீட்டவேண்டும். அதனால் தோற்ற குதிரை எதனால் தோற்றது என்று தெரியாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. உடம்பு தயாராகவில்லையா, வயது போதவில்லையா, இல்லை அதன் சரக்கே அவ்வளவுதானா?

தூங்குமூஞ்சியிடம் முதல் இரண்டும் இருந்தன. பந்தயத்துக்கு முன்னால் மாஸ்டர் அவனுக்குப் பாதி வேலைதான் கொடுத்திருந்தார். மூச்சு பிடிக்காத உடம்போடு ஓடவிட்டு, தோற்கவிட்டு, குறைந்த எடையை வாங்கிக்கொண்டு, அடுத்த பந்தயத்துக்குத் தயார்செய்து இறக்குவது அவர் திட்டம். இரண்டாவது சங்கதியை மாஸ்டர் கவனிக்கவே இல்லை. குதிரைகளுக்கெல்லாம் வருஷத்தில் ஒரே நாளில்தான் வயது ஏறும். அந்த வருஷத்துக் குட்டிகளில் கடைக்குட்டியாகப் பிறந்தவன் தூங்குமூஞ்சி. பந்தயக் கணக்கில் மூன்று வயது. உண்மையில் இரண்டரைதான். வகுப்பிலேயே சின்னப் பையனைப் பெரிய பையன்களோடு ஓடவிட்ட கதை.

அவளுக்கு எப்படித் தெரியும் என்றால், ஆறு வருஷமாக அவள் கையால்தான் அத்தனை குதிரைகளும் மேடை ஏறி இறங்குகின்றன; அவற்றின் பிறந்த தேதி எழுதிய ஏடும் அவளிடம்தான். பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தும் உதடு பிரியாமல் நின்றவள். எட்டாம் வகுப்போடு புத்தகப் பையை ஆணியில் மாட்டிவிட்டாள். குதிரைகள் கேள்வி கேட்பதில்லை. லாயத்தில் அவளுக்குத் தராசு என்று பெயர். சின்னவர்கள் தராசக்கா என்பார்கள். வீட்டில் தம்பி ஒருத்தன்தான். அவன் கூப்பிடுவது ஊமைக்கோட்டான்.

அந்தக் கொட்டகையில் அவளுக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்று. மேடைக்குப் பின்னால் சுவரில் சாத்தி வைத்திருக்கும் பச்சைத் திரை. நான்கு கழிகளில் கட்டிய தார்ப்பாய். பந்தய நாளில் நான்கு பேர் வந்து அதை எடுத்துப் போவார்கள். மைதானத்தில் குதிரை விழுந்து எழுந்திருக்காவிட்டால் ஜனங்கள் பார்க்காதபடி அதைச் சுற்றிப் பிடிப்பார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் கடைசி வளைவில் ஒரு குட்டியின் முன்னங்கால் ஒடிந்த சத்தத்தைக் கொட்டகையிலிருந்தே அவள் கேட்டிருக்கிறாள். காய்ந்த விறகை முழங்காலில் வைத்து ஒடித்தாற்போல இருந்தது. குதிரை திரைக்குள் முடிந்தது. மேலே இருந்த ஜாக்கி இப்போது டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்திருக்கிறார். எழுந்திருக்க இரண்டு பேர் கைகொடுக்க வேண்டும்.

சுமைக்காரர் கேட்டுப்போன அடுத்த மாதம் எடைப் பட்டியல் வந்தது. தூங்குமூஞ்சிக்கு நாற்பத்தொன்பது கிலோ. பட்டியலின் அடிமட்டம். மாஸ்டர் அன்று முழுக்கச் சாவிக்கொத்தைத் தாளம்போட்டே திரிந்தார்.

அந்த எடைக்கு இறங்கக்கூடிய ஜாக்கி மைதானத்தில் ஒரே ஒருத்தன்தான் இருந்தான். அவள் தம்பி.

*

அப்புறம்தான் வினை ஆரம்பித்தது. மேடைமேல் நானூற்று முப்பத்தொன்று காட்டிய குதிரை வாராவாரம் ஏறி நானூற்று ஐம்பத்திரண்டு காட்டியது.

“தின்னு தின்னு பெருத்துட்டான்,” என்றார் மாஸ்டர். “ஓட்ஸைப் பாதியாக் குறைங்க. நாளைலேர்ந்து ரெண்டு பங்கு ஓட்டம்.”

அவள் வாரைப் பார்த்தாள். சேணத்தைக் குதிரையின் வயிற்றோடு கட்டும் தோல் வார். எட்டு வாரமாக அதே ஐந்தாவது ஓட்டையில்தான் கொக்கி மாட்டுகிறது. கொழுப்பு ஏறியிருந்தால் நான்குக்கோ மூன்றுக்கோ தளர்ந்திருக்கும். வயிறு ஏறவில்லை. விலா எலும்புகளை எண்ணிவிடலாம். பின் எடை எங்கிருந்து வந்தது?

அவள் ஒரு காரியம் செய்தாள். பச்சைத் திரையை ஒரு பக்கமாக நகர்த்தி, குதிரையின் முதுகில் ஒரு பலகையைக் குறுக்கே வைத்து, அது சுவரைத் தொடும் இடத்தில் சாக்கட்டியால் கோடு போட்டாள். தோளுக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று. குழந்தையின் உயரத்தைக் கதவு நிலையில் குறிப்பதைப் போல. வாரம் ஒருமுறை. அடுத்த பந்தய நாள்வரை யாரும் திரையை எடுக்கமாட்டார்கள்; மாஸ்டர் கண்ணில் படாமலிருக்க அதை மறுபடி இழுத்து மூடினாள். அந்தத் தார்ப்பாயில் கை படும்போதெல்லாம் ஐஸைத் தொட்டதுபோல விரல் சுருங்கும்.

தோள்கோடு மெதுவாக ஏறியது. பின்பக்கக் கோடு அதை முந்திக்கொண்டு இரண்டு விரல் மேலே போய்விட்டது. வளர்கிற குதிரை அப்படித்தான் வளரும். பின்னால் தூக்கும், அப்புறம் முன்னால் ஈடுகட்டும். அவன் பெருக்கவில்லை. வளர்கிறான். ஏறியது எலும்பு. அந்தப் பச்சை எலும்பின்மேல்தான் இரண்டு பங்கு ஓட்டம் விழுந்துகொண்டிருந்தது.

மூன்றாவது வாரம் அவன் முன்னங்காலைத் துடைக்கும்போது முழங்கால் அவள் உள்ளங்கையில் சுட்டது. மறுநாள் இரண்டும் சுட்டன.

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மாஸ்டரிடம் போனாள்.

“மாஸ்டர்... வயிறு ஏறல. வாருக்கு அதே ஓட்டைதான். அவன்... வளர்றான் போல.”

மாஸ்டர் திரும்பி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏம்மா, தராசு எடை காட்டினாப் போதும். தீர்ப்பு சொல்ல வேணாம்.”

பக்கத்திலிருந்த லாடம் அடிப்பவர் சிரித்துவிட்டார். அவளுக்கு உச்சந்தலைவரை சூடேறியது. கொட்டகைக்குத் திரும்பினாள். வரும்போது திரையைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள்.

*

பந்தயத்துக்கு முந்தின நாள் மத்தியானம் வீட்டில் தம்பி மூன்று கம்பளிச் சட்டையும் அதற்குமேல் மழைக்கோட்டும் போட்டுக்கொண்டு, ஜன்னல்களை அடைத்து, ஹீட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. பன்னிரண்டு நாளாக ஒரு முட்டை, அரை டம்ளர் காப்பி. கன்னம் குழிவிழுந்து, கண் மட்டும் பெரிசாகத் தெரிந்தது.

“கதவைச் சாத்துக்கா. என் கொழுப்பு வெளிய ஓடட்டும், காத்து உள்ள வரவேணாம்.”

“உடம்புல கொழுப்பு இருந்தாத்தானே ஓடும்?”

“வாய்க்கொழுப்பு இருக்கே. அதுவே ஒரு கிலோ தேறும்.”

அவள் சிரிக்கவில்லை. எதிரில் உட்கார்ந்தாள். “டேய், அந்தக் குதிரை வேணாம்டா.”

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தான்.

“முழங்கால் சுடுது. ரெண்டும். எலும்பு இன்னும் முத்தல. வளைவுல திரும்பறப்ப முழுப் பாரமும் ஒரு கால்ல விழும். அந்தக் கால் தாங்காதுடா.”

“யாரு சொன்னா? டாக்டரா?”

“நான் சொல்றேன்.”

“மூணு வருஷத்துக்கு ஒருதடவை வாயைத் தொறக்குற. தொறந்தா இப்படித்தானா?” சிரிப்பாகத்தான் ஆரம்பித்தான். முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. “அக்கா, பதினாலு மாசமாச்சு எனக்கு நல்ல குதிரை கிடைச்சு. மத்தவனெல்லாம் வேணாம்னு கழிச்சுப்போட்டதுலதான் ஏறிட்டிருக்கேன். இவன் உடம்பு இப்ப தயாரு, எடை இறகு மாதிரி. வேற எவனாலயும் நாப்பத்தொம்போதுக்கு வரமுடியாது. அதனாலதான் எனக்குக் கொடுத்தாரு. இல்லேன்னா என்னை ஏறெடுத்துப் பாப்பாரா?”

“விழுந்தா?”

“விழுந்தா எந்திரிப்பேன்.”

அவள் டிக்கெட் கவுன்டரை நினைத்தாள். அவனும் நினைத்திருக்க வேண்டும். பார்வையை ஹீட்டர் பக்கம் திருப்பிக்கொண்டான்.

“யார்கிட்டயும் போய் உளறமாட்டேன்னு சொல்லு.”

அவள் அவன் மழைக்கோட்டின் பொத்தானைப் பார்த்தாள்.

“சொல்லுக்கா.”

தலையை ஆட்டினாள். ஆட்டிய தலையை அப்படியே பிடுங்கி எறியலாம்போல இருந்தது.

*

பந்தய நாள் காலை. பார்வையாளர் படிக்கட்டுகளைக் கூட்டிப் பெருக்கும் சத்தம் கேட்டது. திரை தூக்கும் நான்கு பேரும் பீடியை அணைத்துவிட்டுக் கொட்டகைக்குள் வந்தார்கள்.

“என்ன தராசக்கா, வெளுத்துப்போயிருக்கீங்க? இன்னைக்கு நாங்க சும்மா உக்காந்து சீட்டாடிட்டுத் திரும்பணும்னு வேண்டிக்கங்க.”

“நீ சீட்டாடினா அதைவிடப் பெரிய விபத்துடா,” என்றான் இன்னொருவன்.

சிரித்துக்கொண்டே திரையைத் தூக்கிப் போனார்கள். சுவர் வெளியே வந்தது. ஐந்து வாரத்துச் சாக்கோடுகள் படிக்கட்டுபோல ஏறி நின்றன. திரை போன வெற்றிடத்தில் தம்பி படுத்திருப்பதாக ஒரு கணம் கண் காட்டியது. அடுத்த கணம் அவள் நடந்துகொண்டிருந்தாள்.

அதிகாரிகள் அறை அறுபது எட்டு தூரம்தான். ஒவ்வொரு எட்டுக்கும் திரும்பிவிடலாம் என்று நினைத்தாள். திரும்பினால் கொட்டகை, அந்த வெற்றுச் சுவர். அதனால் திரும்பவில்லை.

அறையில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். மைதானத்தின் குதிரை டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். சுமைக்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“என்ன தராசு, எடை மெஷின் ரிப்பேரா?” என்றார் டாக்டரம்மா.

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். “தூங்குமூஞ்சி... முழங்கால் சுடுதும்மா.”

“காலைல நடக்கவிட்டுப் பாத்தேனே. நொண்டல. வேலை வாங்கின கால் கொஞ்சம் சுடத்தான் செய்யும். அவன் பெருத்துட்டான், இளைக்க வச்சிருக்கோம்னு உங்க மாஸ்டர் எழுதிக் கொடுத்திருக்காரு.”

“பெருக்கலம்மா. வளர்றான். வார் ஒரு ஓட்டைகூட மாறல. சுவத்துல அளவு போட்டு வச்சிருக்கேன். வந்து பாருங்க.”

இத்தனை வாக்கியங்களை ஒரே மூச்சில் அவள் பேசியதே இல்லை. டாக்டரம்மா தயங்கினார். சுமைக்காரர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நோட்டைப் புரட்டினார்.

“ஏம்மா, இவ்வளவுதான்னு சொன்னது நீதானே? அவன் முழுத் தயாரா ஓடித் தோத்தான், வளரவேண்டியது வளந்தாச்சுன்னு எடுத்துக்கிட்டுத்தானே நான் நாப்பத்தொம்போது போட்டேன். இப்ப வளர்றான்னா, எதை நம்பறது?”

பின்னாலிருந்து சத்தம் வந்தது. கிலுக், கிலுக். தாழ்வாரத்தில் யாரோ வேகமாக வந்துகொண்டிருந்தார்கள். யார் என்று அவள் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. பிடரி சிலிர்த்தது. சுமைக்காரர் வாசலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு குரலை உயர்த்தாமல் அதே கேள்வியை மறுபடி கேட்டார்.

“இவன் இவ்வளவுதானா, இன்னும் இருக்கா?”

“இருக்கு சார்,” என்றாள். அழுகை வந்துவிட்டது. “அன்னைக்குப் பொய் சொன்னேன். பாதி வேலைதான் கொடுத்து ஓடவிட்டாங்க. அவனுக்கு வயசும் போதல. இன்னும் நிறைய இருக்கு. அதனாலதான் பயமா இருக்கு. உடம்பு தயாராயிடுச்சு, கால் தயாராகல. இன்னைக்கு முழு வேகத்துல போவான். கால் தாங்காது.”

“தராசுக்கு வாய் முளைச்சுடுச்சா?” வாசலில் மாஸ்டர் நின்றார். முகம் செங்கலாகியிருந்தது. “இதெல்லாம் ஒரு ஆளுன்னு இது பேச்சைக் கேட்டுட்டு...”

“அளவு சுவத்துல இருக்குன்னா பாத்துட்டுத்தான் வருவோமே,” என்று டாக்டரம்மா கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டார்.

சுவரின் முன்னால் அவர் வெகுநேரம் நின்றார். கோடுகளை விரலால் தொட்டு எண்ணினார். அப்புறம் குதிரையையும் எக்ஸ்ரே படப்பெட்டியையும் கொண்டுவரச் சொன்னார். தூங்குமூஞ்சி எக்ஸ்ரே எடுக்கும்போதும் கொட்டாவி விட்டான். பெட்டியின் கண்ணாடித் திரையில் முழங்காலுக்கு மேலே எலும்பின் குறுக்கே ஒரு கறுப்புக்கோடு தெரிந்தது.

“முத்தின குதிரைக்கு இந்தக் கோடு இருக்காது. மூடிடும்,” என்றார் டாக்டரம்மா. “இவனுக்கு இன்னும் மூடல. சூடும் இருக்கு. ஓடலாம், ஒண்ணும் ஆகாமப் போகலாம். ஜெயிக்கக்கூடச் செய்யலாம். ஒடியலாம். எனக்குத் தெரியாது. தெரியாம அனுப்பமாட்டேன். ஆறு மாசம் ஓய்வு.”

சுமைக்காரர் நோட்டில் ஒரு கோடு கிழித்தார். கிழித்த சத்தம் கொட்டகை முழுக்கக் கேட்டதுபோல இருந்தது அவளுக்கு.

“ஆறு மாசம் கழிச்சு வரட்டும். அப்ப அம்பத்தஞ்சுக்குக் குறைஞ்சு இவனுக்குக் கிடையாது,” என்றார். பிறகு மாஸ்டரிடம், “நீங்க என்னோட அலுவலகத்துக்கு வாங்க. பாதி வேலை விஷயம் பேசணும்.”

மாஸ்டர் போகும்போது அவள் முகத்தைப் பார்த்து, “நாளைக்கு வேற வேலை பாத்துக்க,” என்றார். அவள் காதில் அது சரியாக விழவில்லை. அவள் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐம்பத்தைந்து கிலோவுக்கு மைதானத்திலுள்ள எந்த ஜாக்கியும் ஏறலாம். நாற்பத்தொன்பதுக்குத்தான் தம்பி வேண்டியிருந்தது.

தம்பி கதவில் நின்றான். எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியவில்லை. மஞ்சளும் நீலமுமான பந்தயச் சட்டை அவன்மேல் ஆணியில் மாட்டியதுபோலத் தொங்கியது. கையில் சேணம். டாக்டரம்மா அவனைப் பார்த்துவிட்டு, குதிரையைத் தானே பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

“டேய்...” என்றாள்.

அவன் உள்ளே வந்தான். அவளைக் கடந்து, சேணத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, குதிரை நிற்கும் மேடைமேல் ஏறி நின்றான். அவ்வளவு பெரிய மேடையில் நடுவில் குச்சிபோல. எண்கள் கொஞ்சம் தடுமாறி நின்றன.

நாற்பத்தொன்பது.

அவள் அதைப் படிக்கும்வரை அசையாமல் நின்றான். உதடு வெடித்துக் காய்ந்திருந்தது. அவள் படித்துவிட்டாள் என்று தெரிந்ததும் இறங்கினான். சேணத்தை மேடை விளிம்பில் வைத்தான். போடவில்லை, மெதுவாக வைத்தான்.

ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தாள். திட்டுவான், ஊமைக்கோட்டான் என்பான். எதுவாக இருந்தாலும் தேவலை.

அவன் திரும்பி நடந்தான். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பளபளக்கும் கறுப்பு பூட்ஸ். வலது, இடது, வலது. கொட்டகை வாசலைத் தாண்டி, மைதானத்தின் வேலியோரமாக, பெரிய வாயில்வரை அவை நடந்து போயின.